இளையோர் நாவல் படித்த கையோடு: வாசகர் குறிப்பு எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவலை மூடி வைத்ததும் மனசுக்குள் என்னென்னவோ ஓடுகிறது. எழுத உட்கார்ந்தால் 'அருமையான நாவல், எல்லோரும் படிக்க வேண்டும்' என்பதோடு பேனா நின்றுவிடுகிறது. இளையோர் நாவல்களைப் படித்துத் தங்கள் எதிர்வினையைக் குறித்து வைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பள்ளி மாணவர், பெற்றோர், ஆசிரியர், நாற்பது வயதிலும் இவ்வகை நாவல்களை விடாமல் படிப்பவர் என எல்லோரையும் மனதில் வைத்தே பதில்கள் தரப்பட்டுள்ளன.

இளையோர் நாவல் என்று எதைச் சொல்வது? கதாநாயகனுக்குப் பதினாறு வயது என்றால் போதுமா?

போதாது. அமெரிக்க நூலகர்கள் 12 முதல் 18 வயது வரையுள்ள வாசகர்களை இந்த வகைக்குள் கொண்டுவருகிறார்கள். இளையோர் நூல்களுக்கு அவர்கள் தரும் பிரின்ட்ஸ் விருது 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆனால் வயதைவிட முக்கியமானது தூரம். பதின்பருவத்தில் நடப்பதை அந்தப் பருவத்துக்குள் நின்றே சொல்கிறதா, வளர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை இந்த வகையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். எஸ். இ. ஹின்டன் அதைப் பதினைந்து வயதில் எழுதத் தொடங்கினார். வெளிவந்தபோது அவருக்கு 18. கதை சொல்பவனுக்கு 14 வயது. கதையில் நடந்து முடிந்த கோஷ்டிச் சண்டைக்கும் அவன் அதை எழுதுவதற்கும் இடையில் பெரிய இடைவெளி கிடையாது. இதோடு இரா. நடராசனின் 'ஆயிஷா'வை வைத்துப் பாருங்கள். மையத்தில் இருப்பவள் பள்ளிச் சிறுமிதான். ஆனால் சொல்வது ஆசிரியை. அங்கே நம்மைக் குத்துவது சிறுமியின் குரலைவிட ஆசிரியையின் குற்ற உணர்வு. பள்ளிப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் கதை என்றாலும், அது எழுப்பும் எதிர்வினை வேறு வகை.

வகைப்பெயரை ரொம்பவும் நம்ப வேண்டாம். மரணமே கதை சொல்லும் 'தி புக் தீஃப்' ஆஸ்திரேலியாவில் 2005இல் பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் அதே புத்தகம் இளையோர் அலமாரிக்குப் போனது.

விமர்சனத்துக்கும் சொந்த எதிர்வினைக்கும் என்ன வித்தியாசம்?

விமர்சனம் புத்தகத்தைப் பற்றியது. எதிர்வினை, புத்தகத்துக்கும் படித்தவருக்கும் இடையில் நடந்ததைப் பற்றியது. லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1938லேயே இதை வாதிட்டார்: அச்சிட்ட தாள் வெறும் தாள்தான், ஒருவர் படிக்கும்போதுதான் இலக்கியம் நிகழ்கிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விம்சாட், பியர்ட்ஸ்லி என்ற இருவர் 1949இல், படிப்பவர் மனதில் நேர்வதை வைத்து ஒரு படைப்பை எடைபோடுவது பிழை என்று எழுதினார்கள்.

குறிப்பு எழுதுபவருக்கு இரண்டு கட்சியும் உதவும். உணர்ச்சியை மறைக்க வேண்டாம். அதேசமயம் அந்த உணர்ச்சி எந்தப் பக்கத்தில், எந்த வரியில் கிளம்பியது என்று காட்டாமல் விடவும் வேண்டாம். பக்க எண் இல்லாத எதிர்வினையை நீங்களே ஆறு மாதம் கழித்துப் படித்தால் ஒன்றும் புரியாது.

படிக்கும்போதே குறித்துக்கொண்டால் சுவை கெட்டுவிடாதா?

வாக்கியம் வாக்கியமாக எழுதினால் கெடும். அடையாளம் மட்டும் வைத்தால் கெடாது. மூன்று குறிகள் போதும்: மனசு துள்ளிய இடத்தில் ஆச்சரியக்குறி, நம்ப முடியாத இடத்தில் கேள்விக்குறி, படிப்பதை நிறுத்திவிட்டு வேறு எதையோ யோசிக்கத் தொடங்கிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். வட்டத்தைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். உண்மையில் அதில்தான் சரக்கு இருக்கிறது. கவனம் சிதறியதற்குக் காரணம் சலிப்பாக இருக்கலாம். அந்த வரி உங்கள் பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டதாகவும் இருக்கலாம்.

முந்நூறு பக்க நாவலுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து குறிகள் சரியான அளவு. நாற்பதைத் தாண்டினால் எதையுமே தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். நூலகப் புத்தகமென்றால் பென்சிலைத் தொடாதீர்கள். மெல்லிய காகிதத் துண்டில் குறியும் பக்க எண்ணும் எழுதிச் செருகுங்கள். ஸ்டிக்கி நோட் ஒட்டினால் திருப்பிக் கொடுக்கும் முன் எடுத்துவிட வேண்டும், மாதக்கணக்கில் விட்டால் பசை தாளில் தங்கிவிடும். கிண்டிலில் படிப்பவர்களுக்கு வேறு சிக்கல்: ஹைலைட் செய்வது சுலபம் என்பதால் பத்தி பத்தியாக மஞ்சள் பூசிவிடுவார்கள். ஹைலைட் செய்த உடனே நோட் பகுதியில் ஒரே ஒரு சொல்லாவது தட்டுங்கள். 'பொய்', 'அக்கா', 'பயம்' எதுவானாலும் சரி. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஏன் குறித்தோம் என்பது பிறகு நினைவுக்கு வராது.

எப்போது எழுத உட்கார வேண்டும்?

இரண்டு தடவை. முடித்த அன்றிரவு ஐந்து வரி, கோர்வை பார்க்காமல். இரண்டு மூன்று நாள் கழித்து முழுக் குறிப்பு. முதல் இரவில் கடைசி இருபது பக்கம் மட்டுமே மனதில் பெரிதாக நிற்கும். முடிவு நன்றாக இருந்தால் இருநூறு பக்கச் சலிப்பையும் மன்னித்துவிடுவோம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் பாத்திரங்களின் பெயரே மறக்கும், அப்புறம் பின்னட்டையைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். அது உங்கள் எதிர்வினை இல்லை, பதிப்பாளரின் விளம்பரம்.

எவ்வளவு நீளம்? எதை முதலில் எழுதுவது?

முந்நூறு முதல் நானூறு சொற்கள். நோட்டில் கையால் எழுதினால் இரண்டு பக்கத்துக்குள் அடங்கும். கதைச்சுருக்கத்துக்கு அதில் அறுபது சொல்லுக்கு மேல் தராதீர்கள். குறிப்புகள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்: சுருக்கத்தில் தொடங்குகிறோம், அது முந்நூறு சொல்லைத் தின்றுவிடுகிறது, கடைசியில் 'மொத்தத்தில் பிடித்திருந்தது' என்று ஒரு வரிக்குத்தான் இடம் மிஞ்சுகிறது.

அதனால் ஒரு குறியிட்ட பக்கத்தில் தொடங்குங்கள். அந்தக் காட்சி, அது உங்களை என்ன செய்தது, அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும் கதை, பிறகு அதற்கு முரணான இன்னொரு பக்கம். முரண் கட்டாயம் வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே உணர்ச்சியோடு படித்து முடித்த நாவல் அநேகமாக இருக்காது. அப்படி இருந்ததாகத் தோன்றினால் வட்டமிட்ட பக்கங்களை மறுபடி புரட்டுங்கள்.

'மனதைத் தொட்டது', 'நெகிழ வைத்தது' தவிர வேறு சொல்லே வரவில்லை. என்ன செய்வது?

அகராதி தேட வேண்டாம். காட்சியில் எந்தப் பொருள், எந்த அசைவு உங்களைப் பிடித்தது என்று தேடுங்கள். ஒரு நாவலில் இப்படி ஒரு காட்சி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: கணக்கில் தோற்ற பத்தாம் வகுப்புப் பெண், ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் தானே போடுகிறாள். முதல் முயற்சியில் எழுத வருவது இது:

'கையெழுத்துப் போடும் காட்சி மனதைத் தொட்டது. அந்தப் பெண்ணின் நிலையை ஆசிரியர் அழகாகச் சித்தரித்திருக்கிறார்.'

இது எந்த நாவலுக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு மறுபடி எழுதினால்:

'114ஆம் பக்கம். கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவை மூடி, அப்பாவின் சட்டைப்பையில் முன்பு இருந்தபடியே கிளிப் வெளியே தெரிய மாட்டி வைக்கிறாள். பொய்யைவிட அந்தக் கிளிப்தான் என்னைப் பதற வைத்தது. இவளுக்கு இது முதல் தடவை இல்லை என்று அங்கேதான் புரிந்தது.'

இரண்டாவதில் 'நெகிழ்ச்சி' என்ற சொல்லே இல்லை. பார்த்தது, பட்டது, அதனால் புரிந்தது என்று மூன்று படி இருக்கிறது. சலிப்பையும் இதே முறையில் எழுதலாம். 'இழுவை' என்று விட்டுவிடாமல், 'கனவுக் காட்சி மூன்றாம் முறை வந்தபோது முடிவு தெரிந்துவிட்டது, நான்கு பக்கம் தாண்டினேன்' என்று எழுதுங்கள்.

கதாநாயகி செய்யும் முட்டாள்தனம் தாங்கவில்லை. புத்தகத்தை விட்டெறியலாம் போல இருக்கிறது. அதை எழுதலாமா?

தாராளமாக. இளையோர் நாவல் படிக்கும் பெரியவர்களுக்கு அதிகம் வரும் எதிர்வினையே இதுதான். எழுதும் முன் எரிச்சல் யார்மேல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மூன்று இடத்திலிருந்து வரலாம்.

பாத்திரத்தின் மேல் வருவது ஒன்று. அவள் அவசரப்படுகிறாள், தோழியைச் சந்தேகப்படுகிறாள். நாவலாசிரியரும் அதைத் தவறென்று தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது? நாவலுக்குள்ளேயே வேறு யாராவது அவள்மேல் எரிச்சல்படுகிறார்களா, அந்தத் தவறுக்கு அடுத்த சில அத்தியாயங்களில் விலை கொடுக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் நாவல் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

கட்டுமானத்தின் மேல் வருவது இன்னொன்று. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாவல் காரணம் தந்திருக்கிறதா? ரேங்க் கார்டு உதாரணத்தில், போன தடவை அப்பா என்ன செய்தார் என்று முன்பே ஒரு காட்சி இருந்தால் மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லாமல் கதை நகர வேண்டுமே என்பதற்காக வாயைக் கட்டியிருந்தால், தவறு எழுதியவருடையது. அதைத் தயங்காமல் எழுதலாம்.

மூன்றாவது, உங்கள் வயது. பதினாறு வயதில் படித்திருந்தால் அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஓடியிருப்பீர்கள். இப்போது வாசலில் நின்று கத்தும் அம்மாவாகப் படிக்கிறீர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'அம்மாவின் கண்ணால் படித்தேன்' என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் குறிப்புக்கு நேர்மை வந்துவிடும். சொல்லாமல் 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று போனால் அது நாவலைப் பற்றியதாக இல்லாமல் உபதேசமாகிவிடும்.

இன்னொரு நுட்பமும் இங்கே வேலை செய்கிறது. இவ்வகை நாவல்கள் பல 'நான்' என்று தன்மையில், அதுவும் நிகழ்காலத்தில் சொல்லப்படுபவை. 2008இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' அப்படித்தான்: 'ஓடினேன்' இல்லை, 'ஓடுகிறேன்'. சொல்பவளுக்கு அடுத்த நிமிடம் தெரியாது, தன் செயலைத் திரும்பிப் பார்த்து எடைபோட நேரமும் இல்லை. அந்தப் பதற்றத்தை நாம் முட்டாள்தனம் என்று படித்துவிடும் ஆபத்து உண்டு. சந்தேகம் வந்தால் அந்தப் பத்தியை மனதுக்குள் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பாருங்கள். எரிச்சல் குறைந்தால் அது குரலின் விளைவு.

தேம்பி அழுதேன். அப்படியானால் நல்ல நாவல்தானே?

அவசியமில்லை. அழுகை சுலபம்; நாய் சாகட்டும், தம்பிக்கு நோய் வரட்டும், வந்துவிடும். அழுத பக்கத்திலிருந்து முப்பது நாற்பது பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். அந்தத் தம்பி அதற்குமுன் அழவைப்பதற்காக இல்லாமல் வேறு எதற்காகவாவது கதைக்குள் வந்திருக்கிறானா? சண்டை போட்டானா, பொய் சொன்னானா, அக்காவின் சைக்கிளை உடைத்தானா? வந்திருந்தால் உங்கள் கண்ணீர் அவனுக்கானது. நோயாளியாக மட்டுமே வந்து போயிருந்தால் நாவல் உங்களிடம் கண்ணீரைக் கடன் வாங்கியிருக்கிறது. இரண்டாவது வகையிலும் அழுததை மறைக்காதீர்கள். 'அழுதேன், ஏமாந்த மாதிரியும் இருந்தது' என்பது முழுமையான எதிர்வினை.

நாவலின் வடிவமே விசித்திரமாக இருந்தால்?

வடிவம் உங்களை எந்த நாற்காலியில் உட்கார வைத்தது என்று எழுதுங்கள். முதல் பிரின்ட்ஸ் விருது பெற்ற 'மான்ஸ்டர்' நல்ல உதாரணம். கொலை வழக்கில் விசாரிக்கப்படும் பதினாறு வயதுப் பையன் தன் வழக்கையே திரைக்கதையாக எழுதுகிறான், நடுநடுவே நாட்குறிப்பும் வருகிறது. திரைக்கதைப் பகுதியில் நீங்கள் ஜூரி மாதிரி வெளியிலிருந்து பார்க்கிறீர்கள். நாட்குறிப்பில் அவன் பயம் காதருகே கேட்கிறது. ஒரே பையனைப் பற்றி இரண்டு பகுதியிலும் உங்கள் எண்ணம் ஒன்றாகவே இருந்ததா? இதற்குப் பதில் எழுதினாலே பாதிக் குறிப்பு தயார்.

காதல் முக்கோணம், தொடர் நாவலின் இரண்டாம் பாகம்: இவற்றில் ஏன் எப்போதும் சலிப்பு?

முக்கோணத்தில் முடிவு முன்பே தெரிந்துவிடுவதால். இரண்டாம் பாகம் தொடங்கவும் செய்யாது, முடிக்கவும் செய்யாது என்பதால். தொடரை மொத்தமாகப் படித்தபின் எழுதினால் நடுப்பாகம் அடையாளமே இல்லாமல் கரைந்துவிடும், ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஐந்து வரியாவது எழுதி வையுங்கள்.

பாதியில் நிறுத்திவிட்டேன். அதற்கும் குறிப்பு உண்டா?

உண்டு. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று பிரபலம்: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கைப் பக்கம் மட்டும் படித்தால் போதும். அறுபத்தைந்து வயது என்றால் 35 பக்கம். குறிப்பில் நிறுத்திய பக்க எண்ணும் காரணமும் போதும். படிக்காத பகுதியைப் பற்றித் தீர்ப்பு மட்டும் எழுதக் கூடாது.

ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். எங்கே சறுக்கும்?

மூன்று இடத்தில். முதலாவது விளிப்பு. ஆங்கிலத்தில் அப்பாவிடமும் தோழனிடமும் ஒரே 'யூ'தான். நீங்கள் உரையாடலைத் தமிழில் எடுத்துக்காட்டும்போது 'நீ' போடுகிறீர்களா, 'நீங்க' போடுகிறீர்களா? அப்பாவைப் பார்த்துப் பெண் 'நீ பொய் சொல்றே' என்றால் தமிழ் வாசகர் காதில் அது அடி. மூலத்தில் வெறும் கோபமாக இருந்திருக்கலாம். மொழிபெயர்ப்பில் படித்தவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை மரியாதையில்லாதவள் என்று உங்களுக்குத் தோன்றியது நாவலாசிரியர் செய்ததா, மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுத்த 'நீ' செய்ததா?

இரண்டாவது, பள்ளிக் கணக்கு. அமெரிக்காவில் ஹைஸ்கூல் என்பது பெரும்பாலும் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை. அதன் முதலாண்டு மாணவிக்குப் பதினான்கு வயது இருக்கும். பல மாநிலங்களில் பதினாறு வயதில் கார் ஓட்ட உரிமம் கிடைக்கும். இது தெரியாமல் 'இந்த வயதில் காரா' என்று அதிர்ந்தால் அது கதைக்குச் சம்பந்தமில்லாத அதிர்ச்சி.

மூன்றாவது, கொச்சைமொழி. பதின்பருவப் பேச்சை ஏட்டுத் தமிழில் எடுத்தெழுதினால் பாத்திரமே செத்துவிடும். ஒரு வரியென்றாலும் பேச்சுத் தமிழில் எடுத்தெழுதுங்கள், அல்லது எடுத்தெழுதாமல் விளக்குங்கள்.

முடிவைச் சொல்லாமல் எதிர்வினை எழுத முடியுமா?

உங்கள் நோட்டில் எழுதும்போது இந்தக் கவலையே வேண்டாம். பிறர் படிக்கத் தருவதென்றால், நாவலின் முதல் கால் பகுதிக்குள் வரும் எதையும் சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்பால் நிகழ்ச்சியை விட்டு விளைவை மட்டும் சொல்லுங்கள்: 'யார் சாகிறார்கள்' வேண்டாம், '211ஆம் பக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டுச் சமையலறையை வேறு மாதிரிப் பார்த்தேன்' போதும். எதிர்பாராத திருப்பம் இருக்கிறது என்று எச்சரிப்பதும் முடிவைச் சொல்வதுதான்; படிப்பவர் பக்கத்துக்குப் பக்கம் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

தற்கொலை, சுயகாயம், பாலியல் வன்முறை வரும் நாவல்களைப் பற்றி எப்படி எழுதுவது?

இவை வருகின்றன என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். இங்கே கதையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோமே என்ற ஸ்பாய்லர் கணக்குப் பார்க்கக் கூடாது. எந்த முறையில் நடந்தது என்ற விவரத்தை எடுத்தெழுத வேண்டாம், அந்தச் சாவை ஒரு தீர்வாகவோ பழிவாங்கலாகவோ வர்ணிக்கவும் வேண்டாம். நாவல் அப்படி வர்ணித்திருந்தால் அதைக் குறையாகவே எழுதுங்கள். படித்தபின் தூக்கம் கெட்டு, நாட்கணக்கில் மனம் கனத்தே இருந்தால் குறிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போட வேண்டுமா?

வேண்டியதில்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டுவிட்டால் குறிப்பு முழுவதும் அந்த எண்ணுக்கு வக்காலத்து வாங்கும்.

பிள்ளையின் வாசிப்பு நோட்டைப் பெற்றோர் பார்க்கலாமா? ஆசிரியர் மதிப்பெண் போடலாமா?

கேட்காமல் பார்க்காதீர்கள். பார்ப்பார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளை 'நல்ல கருத்துள்ள நாவல்' என்று மட்டும்தான் எழுதும். ஆசிரியர்கள் எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் திருத்துவதை இந்த நோட்டில் மட்டுமாவது நிறுத்தி வைக்கலாம். மதிப்பெண் கட்டாயமென்றால், பக்க எண் குறிப்பிட்டிருக்கிறதா, காரணம் சொல்லியிருக்கிறதா என்ற இரண்டுக்கு மட்டும் போடுங்கள். ஆசிரியருக்குப் பிடித்த நாவலை மாணவன் திட்டியிருந்தால் அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. 'நாவல் உணர்த்தும் நீதி யாது' என்ற கேள்வியை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது.

பல வருடம் கழித்து அதே நாவலைப் படித்தால் பழைய குறிப்பு அபத்தமாகத் தெரிகிறது. திருத்தலாமா?

திருத்தாதீர்கள். இதற்காகத்தான் நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விடச் சொல்வது. மறுவாசிப்பின்போது பழைய குறிப்பைப் பார்க்காமல் நாவலை முடியுங்கள். பிறகு இடப்பக்கத்தில் வேறு நிற மையில், தேதியும் உங்கள் வயதும் போட்டு எழுதுங்கள். பழைய குறிப்பில் இருந்த பக்க எண்களையே மறுபடி எடுத்து அங்கே இப்போது என்ன நடந்தது என்று பாருங்கள். வேறு பதிப்பு வாங்கியிருந்தால் பக்கம் மாறியிருக்கும், அதனால் முதல் தடவையே பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதி வைப்பது நல்லது.